காப்பு அவிழாத ஊர்

அந்த இடத்தில் முளை அடிக்க வேண்டாம், ஓவர்சியர் ஐயா. ஒரு முழம் தள்ளி அடியுங்கள். கயிறு கோணினால் கோணட்டும், பிறகு நேர் செய்துகொள்ளலாம். பார்வைக்குப் பள்ளம் மாதிரி இருக்கிறது, ஆனால் பள்ளம் இல்லை. எங்கள் செல்லாண்டியம்மன் உட்கார்ந்திருந்த இடம். பெயர்த்து எடுத்துப் பதினொரு வருஷம் ஆகிறது. மண் சரிந்து, புல் முளைத்து, ஆடு மேய்ந்து இப்படி ஆகிவிட்டது. ஆனாலும் பெரியவர்கள் யாரும் மிதிப்பதில்லை. பிள்ளைகள் மிதிக்கும். அம்மன் இங்கே இருந்து அதுகள் பார்த்ததில்லை.

இப்போது எங்கே என்றா கேட்கிறீர்கள்? அதோ அந்தக் கீற்றுக் கொட்டகையில். கம்பு தானியத்துக்குள் படுத்திருக்கிறாள். சிலையை எடுத்துவிட்டால் புது இடத்தில் உட்கார வைக்கிற வரைக்கும் தானியத்தில் வைக்க வேண்டும், அதுதான் முறை. வருஷம் ஒரு தடவை பழைய கம்பை அள்ளிவிட்டுப் புதுக் கம்பு கொட்டுகிறோம். வீட்டுக்கு ஒரு படி. மழை இல்லாத வருஷமும் கொட்டினோம். அடுப்பு எரியாத வீட்டுக்காரனும் எங்கேயோ வாங்கிக்கொண்டு வந்தான். நான் நின்று வாங்கினேன்.

என் மணிக்கட்டைப் பார்க்கிறீர்கள். அம்மன் காப்பு. மஞ்சள் நூலில் ஒரு துண்டு மஞ்சள், அவ்வளவுதான். நோம்பி சாட்டியதும் கட்டுவோம். உங்கள் பக்கம் திருவிழா என்பீர்கள், எங்களுக்கு நோம்பி. அம்மன் கையில் ஒன்று, பூசாரி கையில் ஒன்று, ஊருக்காக ஊர்க்கவுண்டன் கையில் ஒன்று. கட்டியாகிவிட்டால் ஊருக்குள் கல்யாணம் கூடாது. ஊர்க்காரர் யாரும் வெளியே ராத் தங்கக் கூடாது. எங்கே போனாலும் விளக்கு வைப்பதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். எட்டு நாள், மிஞ்சினால் பதினைந்து நாள். அதற்குள் நோம்பி முடிந்து அவிழ்த்துவிடுவோம். எங்களுக்கு மட்டும் பதினொரு வருஷமாக அவிழவில்லை. நூல் இற்றுப்போகும். இற்றுப்போனால் புதிதை அதன் மேலேயே கட்டிவிட்டுத்தான் பழையதை அறுப்போம். ஒரு நிமிஷம்கூட இந்தக் கை வெறும் கையாக இருந்ததில்லை. அதில் நான் குறை வைக்கவில்லை.

சர்க்காரைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் சின்ன வயசு. முதல் துரை வந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். இஞ்சினீர் துரை. குதிரையில் வந்தார். அந்தப் புளியமரத்தடியில் மேஜை போட்டு நீலத்தாள் விரித்து வைத்துக்கொண்டார். ஊரே சுற்றி நின்றது. எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். 'மிஸ்டர் காளியண்ணன், உட்காருங்கள்' என்று குமாஸ்தா தமிழில் சொன்னான், ஆனால் என் பெயரைத் துரையே சொன்னார், என் காதால் கேட்டேன். உட்கார்ந்தேன். எங்கள் அப்பாவும் ஊர்க்கவுண்டராக இருந்தவர். அவருக்கு எந்தத் துரையும் நாற்காலி போட்டதில்லை.

துரை கைத்தடியால் தரையில் கோடு கிழித்தார். இங்கே மலை, இங்கே மலை, நடுவில் அணைச் சுவர். சுவர் எழும்பினால் ஆறு இந்தப் பக்கம் ஏறும். அடுத்த ஆடிக்கு நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒரு பனை உயரம் தண்ணீர் நிற்கும் என்றார். உங்களுக்குக் கிழக்கு மேட்டில் புது ஊர், அகலத் தெரு, கிணறு, அம்மனுக்குத் தனி இடம். எல்லாம் தடியால் காட்டினார். குமாஸ்தா மட்டும் கடைசியில் ஒன்று சொன்னான். மேலே எழுதியிருக்கிறோம், பணம் சாங்ஷன் ஆக வேண்டும் என்று. அதைத் துரை சொல்லவில்லை, குமாஸ்தா சொன்னான். துரை எழுதிக் கேட்டால் வேண்டாம் என்று சொல்கிறவன் யார் இருக்கிறான்?

அவர் போன பிறகு ஊர் கூடினோம். பூசாரி குப்பண்ணனுக்கு எப்போதும் ஒரு இழுவை உண்டு. எதற்கும் பொறு என்பான்.

'கல்லு நட்டுட்டுப் போயிருக்கறாங்க, செரி. காசு வரட்டுங்க கவுண்டரே. அதுக்கப்பறம் அம்மனத் தொட்டுக்கலாம்' என்றான்.

நான் கேட்டேன், தண்ணீர் வந்து நின்ற பிறகு முங்கித் தேடுவாயா என்று. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தப் பங்குனியில் நோம்பி சாட்டி, காப்புக் கட்டி, அம்மனை எடுத்தோம். சித்திரையில் மேட்டில் இடம் காட்டுவார்கள், உட்கார வைத்துவிட்டுக் காப்பை அவிழ்க்கலாம், வைகாசியில் என் மகள் வேலாத்தாளுக்குக் கல்யாணம். அக்கரையில் என் அக்காள் மகன் சென்னிமலைக்குத்தான். முறைப் பையன். சின்னதிலிருந்து பேசி வைத்தது. வெற்றிலை மாற்றியாகிவிட்டது.

சித்திரை வந்தது. ஆடி வந்தது. ஆற்றில் எப்போதும் வருகிற தண்ணீர் வந்தது.

அடுத்த வருஷம் சீமையில் சண்டை தொடங்கிவிட்டது. துரை சீமைக்குப் போய்விட்டார். பணமெல்லாம் கப்பலுக்கும் குண்டுக்கும் போகிறது, சண்டை முடியட்டும் என்றார்கள். நியாயம்தானே? சண்டை முடிந்தது. வேறு துரை வந்தார். பழைய எஸ்டிமேட் செல்லாது, சுண்ணாம்பு விலை ஏறிவிட்டது, கூலி ஏறிவிட்டது, புதிதாகப் போட வேண்டும் என்றார். அதுவும் நியாயம்தான். புதிதாகப் போட்டுப் பட்டணத்துக்குப் போயிற்று. பட்டணத்திலிருந்து டில்லி, டில்லியிலிருந்து சீமை. சீமையிலிருந்து ஒரு கேள்வி வந்ததாம். இந்தத் தண்ணீரால் ஏக்கருக்கு எவ்வளவு வரி கூடுதலாக வரும் என்று. கடன் வாங்கிப் போடுகிற பணம், கேட்க மாட்டார்களா? அதற்குப் பதில் எழுத ஒரு வருஷம். பிறகு ஆற்றுக்கு மேலே இருக்கிற சமஸ்தானத்துக்காரர்கள் எங்கள் தண்ணீர் என்றார்கள். பிறகு புதிதாக மந்திரிகள் வந்திருக்கிறார்கள், அவர்கள் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒவ்வொன்றும் நியாயமாகவே இருந்தது, ஐயா. அதுதான் கஷ்டம். ஒன்றாவது அநியாயமாக இருந்திருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன்.

நான் போகாமல் இல்லை. தாலுகாக் கச்சேரிக்கு எத்தனை தடவை நடந்தேன் என்று கணக்கு இல்லை. கோழி கூப்பிடப் புறப்பட்டால் உச்சிப் பொழுதுக்குப் போய்ச் சேரலாம், உடனே திரும்பினால்தான் விளக்கு வைக்க வரலாம். அங்கே போனால், இதெல்லாம் இங்கே இல்லை, ஜில்லாக் கச்சேரிக்குப் போய் கலெக்டரைப் பாருங்கள் என்பார்கள். ஜில்லாக் கச்சேரிக்குப் போனால் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும். காப்போடு எப்படித் தங்குவது? காப்பு அவிழ வேண்டுமென்றால் கலெக்டரைப் பார்க்க வேண்டும். கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் காப்பு அவிழ வேண்டும். கச்சேரிக் குமாஸ்தாவிடம் இதைச் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, பெரியவரே, அடுத்த பட்ஜெட்டில் வந்துவிடும் என்றான். நல்ல பையன். மோர் வாங்கிக் கொடுத்தான்.

சென்னிமலை காத்திருந்தான். நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். நான்கு வருஷம் காத்திருந்தான். என் அக்காள் மாசத்துக்கு ஒரு தரம் பரிசலில் வந்து என் வீட்டு வாசலில் நின்று சத்தம் போடுவாள். உள்ளே வர மாட்டாள்.

'ஏண்டா காளியண்ணா, உன்ற அம்மனுக்குச் சீமையிலிருந்து ஊடு கட்டிக் குடுக்கோணுமாக்கும்? அவ கேட்டாளா உன்னைய?' என்பாள்.

பொண்ணைப் பரிசலில் ஏற்றி அனுப்பு, எங்கள் கரையில் தாலி கட்டிக்கொள்கிறோம், எங்கள் ஊருக்கு என்ன காப்பு என்பாள். அப்படிச் செய்தவர்கள் உண்டு. ஊரில் சில பையன்களுக்குப் பெண்டாட்டி வந்திருக்கிறது, பிள்ளை வந்திருக்கிறது. எங்கே கல்யாணம் நடந்தது என்று நான் கேட்டதில்லை. ஊருக்குள் நடக்கவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பூசாரி குப்பண்ணனே சந்தைக்கு நெய் வாங்கப் போவான், மறுநாள் உச்சிப் பொழுதில் வருவான். என்னப்பா என்றால், விடியக் கருக்கலில் மறுபடி போனேனுங்க, மாடு நொண்டுச்சுங்க என்பான். அவன் மாடு பதினொரு வருஷமாக நொண்டுகிறது. மற்றவர்களும் அப்படித்தான். விளக்கு வைத்த பிறகு நான் யார் வீட்டுக் கதவையும் தட்டிப் பார்த்ததில்லை. கண்ணால் பார்த்துவிட்டால் ஊர்க்கவுண்டன் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். பார்க்காததை எப்படிக் கேட்பது? ஆனால் என் வீட்டில் அப்படி முடியுமா, சொல்லுங்கள். என் கையிலேயே காப்பு இருக்கிறது. நானே என் மகளை எல்லைக்கு வெளியே கொண்டுபோய்த் தாலி கட்டி வைத்தால் இந்த நூலுக்கு என்ன மரியாதை?

சண்டை முடிந்த வருஷம் சென்னிமலைக்கு வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். வேலாத்தாள் அழவில்லை. அன்றைக்குத்தான் அம்மனுக்குக் கம்பு மாற்றுகிற நாள். முறத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து புடைத்தாள். வருஷா வருஷம் அவள்தான் புடைப்பாள். கல் ஒன்று, உமி ஒன்று இருக்காது. அன்றைக்கும் இருக்கவில்லை.

அதற்கு மறு வருஷமோ என்னவோ குப்பண்ணன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஊரில் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அம்மனைப் பழைய இடத்திலேயே வைத்துவிடலாம், காப்பை அவிழ்த்துவிடலாம், பணம் வருகிற அன்றைக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்றான். பூப்போட்டுக் கேட்டேன், அம்மன் சம்மதம் கொடுத்துவிட்டாள் என்றான். தானியத்தில் படுத்திருக்கிற அம்மன் எப்படியப்பா வாக்குக் கொடுப்பாள் என்று கேட்டேன். அது மட்டும் இல்லை, ஐயா. அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் சர்க்கார் கல் நட்டிருக்கிறது, வெள்ளைக் கல், பார்த்தீர்களல்லவா? அங்கே அம்மனைத் திரும்பவும் உட்கார வைத்தால் பார்க்கிறவன் என்ன எழுதுவான்? ஊர் மனசு மாறிவிட்டது, நகர மாட்டோம் என்கிறார்கள் என்று எழுதுவான். அதோடு பணம் நின்றுவிடும். நாங்கள் தயாராக இருந்தோம். அம்மனையே எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அது மேலே தெரியாமலா இருக்கும்? அதனால்தான் இன்றைக்கு நீங்கள் முளையோடு வந்திருக்கிறீர்கள். குப்பண்ணன் பேச்சைக் கேட்டிருந்தால் வந்திருப்பீர்களா?

வெயிலில் நிற்காதீர்கள், இப்படி வாருங்கள். உங்களிடம் சொல்ல வேண்டியது இதெல்லாம் இல்லை. போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசி. அதைத்தான் சொல்ல வேண்டும்.

அக்காளுக்கு உடம்பு முடியவில்லை என்று ஆள் வந்தது. வேலாத்தாள் காலையில் பரிசல் ஏறினாள், அந்திக்குள் வந்துவிடுகிறேன் என்றாள். நானும் போயிருக்க வேண்டும். அன்றைக்கு இங்கே ஒரு வாய்க்கால் தகராறு. மத்தியானத்துக்கு மேல் ஆறு பெருகிவிட்டது. மேற்கே மழை. சேறும் மரமுமாக வந்தது. பரிசல் போட முடியவில்லை. நான் இந்தக் கரையில் நின்றேன். அவள் அந்தக் கரையில் நின்றாள். தெரிந்தது, ஐயா. அவள் சேலை நிறம்கூடத் தெரிந்தது. இருட்டுகிற வரைக்கும் நின்றோம். இருட்டிய பிறகு அவள் திரும்பிப் போயிருப்பாள்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. அக்காள் போய்விட்டாள். சென்னிமலைதான் வேலாத்தாளைக் கூட்டிக்கொண்டு வந்தான், மொட்டையடித்த தலையோடு. ஊரெல்லாம் கரைக்கு வந்துவிட்டது. பரிசலை விட்டு அவள் இறங்கவில்லை. இறங்கலாமா என்று என்னைப் பார்த்தாள். ஊரும் என்னைப் பார்த்தது. நியாயத்துக்குக் காத்திருக்கிறார்கள். ஊர்க்கவுண்டன் சொந்த மகள் என்றால் என்ன சொல்கிறான், பார்ப்போம் என்று நிற்கிறார்கள். எனக்குப் புரியாதா?

குப்பண்ணன்தான் முதலில் பேசினான். 'ஆத்துத் தண்ணி செஞ்ச காரியமுங்க கவுண்டரே. தலைக்குத் தண்ணி ஊத்தி ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அம்மன் ஒண்ணும் சொல்ல மாட்டா' என்றான். எனக்கு அவன் மேல் அன்றைக்கு வந்த கோபம். தன் மாடு நொண்டுகிற கதையை எல்லாருக்கும் பொதுவாக்கப் பார்க்கிறான்.

நான் சொன்னேன். காப்பு அவிழ்கிற வரைக்கும் எல்லைக்குள் வரக் கூடாது என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன், கடைசியில் நின்றவனுக்கும் கேட்க வேண்டுமே.

'அத்தை வாயில பால் ஊத்துனேனப்பா' என்றாள்.

'தெரியும் சாமி' என்றேன். பிள்ளைகளை நாங்கள் சாமி என்றுதான் கூப்பிடுவோம்.

'காப்பு எப்பப்பா அவுரும்?'

'சாங்ஷன் வந்ததும்.'

அவள் சிரித்தாள், ஐயா. நிஜமாகவே சிரித்தாள். சின்ன வயசில் சிரிக்கிற மாதிரி, வாயைப் பொத்திக்கொண்டு. அப்போது அவளுக்கு இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். நெற்றியோரத்தில் நரை வந்திருந்தது. நான் அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சென்னிமலை, எங்கம்மா இருந்த இடத்தில் இவள் இருக்கட்டும் மாமா, கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். அவன் பெண்டாட்டி இருக்கிற வீட்டில் எந்த முகத்தோடு இருப்பாள்? எல்லைக்கு வெளியே எங்கள் சோளக்காட்டில் ஒரு சாளை இருந்தது, காவலுக்குப் போட்ட குடிசை. அங்கே இருந்தாள். என் வீட்டுக்காரி நல்லாயி காலையும் மாலையும் கூழ் கொண்டுபோவாள், எல்லைக் கல்லில் வைப்பாள், அவள் வந்து எடுத்துக்கொள்வாள். கல்லுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நான் தடுக்கவில்லை. பேசக் கூடாது என்று முறையில் இல்லை. நான் ஒரு நாள் போனேன். என்னைக் கண்டதும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். ஊர்க்கவுண்டர் வந்தால் எழுந்து நிற்கிற மாதிரி. பிறகு நான் போகவில்லை.

மாசியில் மலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி வந்தான். தேயிலைக்கு. அவனோடு போய்விட்டாள். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். என்னிடம் நல்லாயி இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னாள். நல்ல சம்பளம் என்கிறார்கள். சாங்ஷன் வந்ததும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை வருஷம். பத்து வருஷம் இருந்தவர்களுக்கு ஒரு வருஷம் என்ன?

இந்தத் தை மாசம் தோட்டத்திலிருந்து திரும்பின ஒருவன் சேதி கொண்டுவந்தான். காய்ச்சலாம். வேலைக்குப் போகாமல் ஒரு மாசமாம். கூலிக்காரர் குடியிருக்கிற லயத்தில் படுத்தே கிடக்கிறாளாம். எழுந்து உட்கார வைத்தால் உட்கார்கிறாளாம். மலைக்காய்ச்சல், போகிற எல்லாருக்கும் வருவதுதான். சரியாகிவிடும்.

நல்லாயி அன்றைக்கே மூட்டை கட்டிவிட்டாள். மலைக்குப் போக வண்டியில் இரண்டு நாள். நடுவில் ஒரு ராத்திரி, அங்கே எத்தனை ராத்திரியோ. நான் வாசலில் நின்றேன். காப்பு என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை, அந்த ஒரு வார்த்தைதான்.

'அவ செத்துப்போனா ஆருக்கு அவுக்கறதுங்க அந்தக் காப்பை?' என்றாள்.

மூட்டையை உள்ளே வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதில்லை. சோறு போடுகிறாள். கேட்டதைக் கொடுக்கிறாள். பேசுவதில்லை. பெண்பிள்ளைகளுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான், நாளானால் தெளிந்துவிடும்.

இப்போது நீங்கள் வந்துவிட்டீர்கள். நேற்றுத் தண்டோராப் போட்டுக்கொண்டு வந்தானே, சாங்ஷன் ஆகிவிட்டது, அணைக்குப் பணம் வந்துவிட்டது என்று, நான் அப்படியே கொட்டகைக்குள் போய் அம்மனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குப்பண்ணன் வந்து பார்த்துவிட்டு, கவுண்டரே அழுகாதீங்க என்றான். நான் எங்கே அழுதேன்.

உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம்தான். வீடு, மரம், கிணறு எல்லாம் நிதானமாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு மாசம் ஆனாலும் சரி. ஆனால் முதலில் கிழக்கு மேட்டுக்கு வாருங்கள். அம்மனுக்கு உரிய இடம் எது என்று ஒரு முளை அடித்துக் காட்டிவிடுங்கள். கட்டடம் வேண்டாம், கூரை வேண்டாம், ஒரு முளை. நாளைக்கே உட்கார வைத்துவிடுவோம். நாளை அந்திக்குள் காப்பை அவிழ்த்துவிட்டால் நாளை மறுநாள் விடியற்காலையில் நானே மலைக்குக் கிளம்பிவிடுவேன். வண்டி சொல்லி வைத்திருக்கிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. முறைப்படி நடந்திருக்கிறது எல்லாம்.

என்ன ஐயா, காகிதத்தையே புரட்டுகிறீர்கள்?

இல்லை, நீங்கள் சொல்லுங்கள். நான் வருத்தப்பட மாட்டேன்.

சுவருக்கு மட்டுமா? அஸ்திவாரம் தோண்டவும் சுவர் எழுப்பவும் மட்டுமா வந்திருக்கிறது? முங்குகிற ஊர்களுக்கு இல்லையா? கிழக்கு மேட்டு நிலம் இன்னும் எடுக்கவே இல்லையா? அது ஆருடையது? ஜமீன் நிலமா? ஓ. அதற்குத் தனி எஸ்டிமேட். அது மேலே போயிருக்கிறது. சரி. இப்போது நீங்கள் எண்ணுவது அந்த எஸ்டிமேட்டுக்காகத்தானா? சரி, சரி. எண்ணினால்தானே பணம் கேட்க முடியும், புரிகிறது. நியாயம்தான்.

ஒரு முளைகூட அடிக்க முடியாதா? ஆமாம், பிறத்தியார் நிலத்தில் சர்க்கார் முளை எப்படி அடிப்பீர்கள். உங்கள் வேலைக்கே ஆபத்து வந்துவிடும். நான் கேட்டிருக்கக் கூடாது.

எந்த பட்ஜெட்டில் என்றீர்கள்?

நல்லாயி, வா. ஓவர்சியருக்கு மோர் கொண்டுவந்திருக்கிறாள், ஐயா. வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு எருமைதான். அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள் போலிருக்கிறது, நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டு. செம்பைக் கொடுத்தனுப்பிவிடுங்கள். குடித்துவிட்டீர்களா? நல்லாயி, ஓவர்சியர் அடுத்த பட்ஜெட்டில் வந்துவிடும் என்கிறார். அடுத்ததில் கட்டாயம் என்கிறார்.

பாருங்கள், பேச மாட்டாள். போகிறாள்.

நீங்கள் கேட்டது என்ன, மரமா? சொல்கிறேன். என் வீட்டுப் பின்னால் புளி இரண்டு, இலுப்பை ஒன்று. காய்க்கிற மரத்துக்குத் தனியாகவா? புளி இரண்டும் காய்க்கிறது. கிணற்று மேட்டில் தென்னை நான்கு. அதில் ஒன்று வேலாத்தாள் பிறந்த வருஷம் வைத்தது, அதற்கென்று ஒன்றும் எழுத வேண்டாம், சும்மா சொன்னேன். வீட்டில் எத்தனை பேரா? மூன்று. மூன்று என்றே போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் முளை வண்டி காலியாகிவிட்டதா? முகாமுக்குத் திரும்புகிறதா, மேற்கே? மலையடிவாரம் வரைக்கும் போகுமா? சரி. வண்டிக்காரன் மாட்டைப் பூட்டுகிறான். என்னவோ நிறுத்திப் பேசிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் நிற்பது ஆர், கையில் மூட்டையா? எனக்குத் தெரியவில்லை. கண் முன்போல இல்லை.

மேற்கே பார்த்து நிற்காதீர்கள், ஐயா. சாய்ந்த வெயில், கண்ணைக் குத்தும். இப்படிக் கிழக்கே திரும்பி நில்லுங்கள். நானும் திரும்பிக்கொள்கிறேன். ம், கேளுங்கள். தென்னை வரைக்கும் சொன்னேன் இல்லையா? வேலியோரத்தில் வேம்பு ஒன்று. அதற்கு அந்தப் பக்கம் முருங்கை.